நுவரெலியா பக்கம் ட்ரவுட் பிடிக்கப் போறீங்களா? ரிசோட்டுக்கு முதல் தண்ணியைப் பாருங்க

கொழும்பில இருந்து வீக்கெண்டுக்கு மலைநாட்டுப் பக்கம் போற தூண்டில்காரர் கனபேர், முதல் நல்ல ரிசோட் ஒண்டைப் பார்த்து ரூம் புக் பண்ணிட்டு, அங்க போய் இறங்கின பிறகுதான் பக்கத்தில மீன் எங்க எண்டு விசாரிக்கத் தொடங்குறாங்க. ட்ரவுட் குளிர்த் தண்ணி மீன், அதுக்கு இந்த வழி சரிவராது. முதல் ஓடையைத் தேடுங்க, பிறகு அந்த ஓடைக்குக் கிட்ட படுக்கிறதுக்கு இடம் தேடுங்க.

காரணம் தண்ணிட குளிர். ட்ரவுட்டுக்கு 10 இலிருந்து 18 டிகிரி வரைக்கும் இருந்தா நல்ல சந்தோஷம், 20ஐத் தாண்டினா இரை எடுக்கிறது குறைஞ்சிடும், 25க்குக் கிட்டப் போனா உயிரோட இருக்கிறதே கஷ்டம், ஏனெண்டா தண்ணி சூடாக ஆக அதில கரைஞ்சிருக்கிற ஒட்சிசன் குறையும். வெள்ளைக்காரத் துரைமார் 1880களில தொடங்கி முட்டையாக் கப்பல்ல கொண்டு வந்து நம்மட மலையில விட்ட மீன் இது, பிரவுண், ரெயின்போ எண்டு ரெண்டு சாதியும் வந்தது, இங்க தன்னால பெருகினது ரெயின்போதான். அதனால 1500 மீட்டருக்குக் கீழ தேடி நேரத்தை வீணாக்காதீங்க. கித்துல்கலையில ஆறு பார்க்க எவ்வளவு வடிவா இருந்தாலும் அது ட்ரவுட் தண்ணி இல்ல. நுவரெலியா டவுண் 1868 மீட்டர், பட்டிப்பொல ஸ்டேஷன் 1891 மீட்டர், நீங்க தேட வேண்டிய உயரம் அந்த மட்டம்தான்.

இதில ஒரு பெரிய பொறி இருக்கு. பழைய எழுத்துகள்ல பெலிஹுல் ஓயாவில ட்ரவுட் எண்டு இருக்கும், உடனே ஆக்கள் இரத்தினபுரி ரோட்டால போய் பெலிஹுல் ஓயா ஊரில இருக்கிற ரிசோட்டில ரூம் எடுத்திடுவாங்க. அந்த ஆறு பிறக்கிறது ஹோர்ட்டன் சமவெளியில, 2000 மீட்டருக்கு மேல, மீன் இருந்ததும் அந்த மேல் பகுதியிலதான். ஊர் இருக்கிறது மலையடிவாரத்தில, அங்க வந்து சேரேக்க அதே தண்ணி நீங்க குளிச்சு விளையாடுற அளவுக்குச் சூடாகிடும். ஆத்துட பேரைப் பார்க்காதீங்க, நீங்க நிக்கப் போற இடத்திட உயரத்தைப் பாருங்க.

அப்ப ஹோர்ட்டன் சமவெளிக்கே போகலாமே எண்டு கேப்பீங்க. அது 1988இல தேசியப் பூங்காவாகின இடம், உள்ளுக்குப் போய் தூண்டில் போடுற எண்ணமே வேணாம். களனி, மகாவலி, வளவை மூண்டுக்கும் தலைத்தண்ணி அங்கதான், கொழும்பு மட்டக்குளியில களனியாக் கடலுக்கு இறங்குற தண்ணியில ஒரு பங்கு அந்தப் புல்வெளியில இருந்து வாறது, அந்த இடத்தைச் சும்மா விடுறது நம்ம எல்லாருக்கும் நல்லது. நீங்க தேட வேண்டியது பூங்காவுக்கு வெளிய, அந்த மலைகள்ல இருந்து இறங்கி வாற ஓடைகள். அம்பேவெல, பட்டிப்பொல, அக்கரப்பத்தனைப் பக்கம், அக்ர ஓயாட மேல் பகுதி, இவ்வளவுக்குள்ள தேடினாலே ஒரு வீக்கெண்டுக்குப் போதும். கிரகரி வாவி படகில சுத்துறதுக்கு நல்லது, அங்க ட்ரவுட்டை நம்பிப் போகாதீங்க.

வீட்டில இருந்தே பாதி வேலை முடிக்கலாம். ஃபோன்ல மேப்பைத் திறந்து சாட்டலைட் படத்துக்கு மாத்தி, ரிசோட்டுக்குக் கிட்ட ஓடுற தண்ணியில விரலை வச்சு மேல நோக்கிப் போய்க்கொண்டே இருங்க. கரும்பச்சைக் காட்டுக்குள்ள போய் முடிஞ்சா நல்ல சகுனம். வழி முழுக்க லீக்ஸ், கரட், கிழங்குப் பாத்தி வரிவரியாத் தெரிஞ்சா விட்டிடுங்க, மழைக்கு அந்த மண்ணும் மருந்தும் எல்லாம் ஓடைக்குள்ளதான் இறங்கும், மண் படிஞ்ச அடித்தளத்தில பூச்சியும் இருக்காது, ட்ரவுட் முட்டையும் பிழைக்காது. ரெண்டு பக்கமும் மரம் மூடி நிழல் இருக்கிற துண்டா இருந்தா இன்னும் நல்லம்.

பிறகு ரிசோட்டுக்கு ஒரு கோல் எடுங்க. ஃபிஷிங் இருக்கா எண்டு மட்டும் கேட்டா ரிசெப்ஷன்ல இருக்கிற பிள்ளை இருக்கு சேர் எண்டுதான் சொல்லும், அது தாங்களே கட்டின குளமாக் கூட இருக்கலாம். ஓடையா குளமா, யாருட காணி, போன மாசம் யாராவது பிடிச்சாங்களா, என்ன அளவு, இப்ப தண்ணி தெளிவா கலங்கலா எண்டு துண்டு துண்டாக் கேளுங்க. இதை விட நம்பிக்கையான தகவல் வேணுமெண்டா அங்க தோட்டத்தில வேலை செய்ற ஆக்களோட கதைக்கணும். ரிசோட் கார்டனரோ, லயத்தில (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல) இருக்கிற அண்ணன்மாரோ, "அண்ணே, இந்த ஆத்துல யாராச்சும் தூண்டில் போடுவாங்களா, எந்தப் பக்கம் ஆழமா இருக்கும்?" எண்டு மரியாதையாக் கேட்டா, எந்தக் கல்லுக்குப் பின்னால மீன் நிக்கும் எண்டு வரைக்கும் சொல்லுவாங்க. கூட வந்து வழி காட்டினா அவங்கட நாள் சம்பளத்தை யோசிச்சு நல்லாக் குடுங்க, பேரம் பேசாதீங்க.

அனுமதி கட்டாயம். அனேகமான ஓடை எஸ்டேட் காணிக்குள்ளதான் ஓடுது, எஸ்டேட் ஒஃபீஸ்ல முன்கூட்டியே கேட்டு, ஏலுமெண்டா எழுத்தில வாங்கிக் கையில வச்சிருங்க. லயங்களுக்குக் குடிதண்ணி எடுக்கிற இடத்தில கால் வைக்கவே கூடாது.

காலம் எண்டா ஜனவரியில இருந்து ஏப்ரல் தொடக்கம் வரைக்கும் நல்லம். விடிய சரியான குளிர், சில நாள் புல்லில உறைபனி கூட இருக்கும், ஆனா மழை குறைவு, தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிவு. சித்திரைப் புதுவருச சீசனுக்குப் போகாதீங்க, ரூம் விலையும் சனமும் தாங்கேலாது. மே இலிருந்து தென்மேல் மழை, வருசக் கடைசியிலயும் மண்சரிவு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், அந்த நேரம் எச்சரிக்கையைப் பார்க்காம மலை ஏறவே கூடாது. போயாவோட (பௌர்ணமி விடுமுறையோட) சேர்ந்து வாற லோங் வீக்கெண்ட் எண்டா, போயா அண்டைக்குத் தூண்டிலை எடுக்காம விடுங்க. அக்கம்பக்கத்துச் சனத்துக்கு மனசு நோகும்.

இடத்துக்குப் போனவுடன தூண்டிலை விரிக்க வேணாம். முதல் தெர்மாமீட்டரைத் தண்ணிக்குள்ள ரெண்டு நிமிசம் பிடிங்க. பிறகு முழங்கால் ஆழத்தில ஓடுற இடத்தில ஒரு கல்லைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. மூண்டு வால் வச்ச தட்டையான சின்னப் பூச்சிகள் சறுக்கி ஓடினாலோ, மணலும் குச்சியும் ஒட்டிச் செஞ்ச சின்னக் கூடுகள் கல்லில ஒட்டியிருந்தாலோ இங்க மீனுக்குச் சாப்பாடு இருக்கு. கல் வழவழ எண்டு பாசி மட்டும் பிடிச்சு வெறுமையா இருந்தா அடுத்த ஓடைக்கு நடங்க. கல்லைத் திருப்பி அதே மாதிரி வச்சிட்டுப் போங்க.

ட்ரவுட் எப்பவும் ஓட்டத்துக்கு எதிராத் தலையை வச்சு நிக்கும், மேல இருந்து மிதந்து வாறதைப் பிடிக்கும். அதனால நீங்க கீழ இருந்து மேல நோக்கிப் போகணும், அப்பதான் அதுட முதுகுப் பக்கம் நிப்பீங்க. பெரிய கல்லுக்குப் பின்னால, கரை குடைஞ்சு போன இடத்தில, வேகத் தண்ணியும் மந்தத் தண்ணியும் சேர்ற அந்தக் கோட்டில போடுங்க. நிழல் தண்ணியில விழக்கூடாது, பளிச்செண்ட உடுப்பு வேணாம். போலரைஸ்ட் கண்ணாடி ஒண்டு இருந்தா மினுக்கத்தைத் தாண்டி உள்ளுக்குப் பார்க்கலாம். விடிய வெளிச்சம் வந்தவுடனயும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும்தான் நல்ல நேரம், மப்புப் போட்ட நாளெண்டா பகல் முழுக்கக் கூடப் பிடிக்கலாம்.

கொழும்பு மோதரையில கடலுக்குப் போடுற தடிச்ச லைனைக் கொண்டு போகாதீங்க, மீன் அதைப் பார்த்தே ஒதுங்கிடும். ஏழு அடிக்குக் கிட்ட மெல்லிசான ரொட், 4 இலிருந்து 6 பவுண்ட் லைன், சின்ன ஸ்பின்னர் (இழுக்கேக்க சுழல்ற உலோகத் தகடு வச்ச பொய் இரை) போதும். ஃப்ளை (பூச்சி மாதிரிக் கட்டின பொய் இரை) வீசத் தெரிஞ்ச ஆக்கள் 3 அல்லது 4 வெயிட் எண்டு போட்ட மெல்லிசான ஃப்ளை ரொட் கொண்டு போங்க, மரம் மூடின ஓடையில நீட்டு ரொட் வீசேலாது. கொக்கிட எதிர்முள்ளைக் குறட்டால நசுக்கிடுங்க, திருப்பி விடுற மீனுக்குக் காயம் குறையும். கையை நனைச்சிட்டுத்தான் மீனைத் தொடணும், காய்ஞ்ச கை பட்டா அதுட வழுவழுப்புத் தோல் போய் நோய் பிடிக்கும்.

அட்டைக்குக் காலில சவர்க்காரம் பூசி நீட்டுச் சொக்ஸ் போடுங்க. அதை விட முக்கியம், உங்களுக்கு மேல மலையில மழை பெய்றது கீழ நிக்கிற உங்களுக்குத் தெரியாது. தெளிவான தண்ணி திடீரெண்டு தேத்தண்ணி நிறமாகி, இலையும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினா, மீன் கொழுவியிருந்தாலும் லைனை வெட்டிட்டுக் கரைக்கு ஏறுங்க. பிள்ளைகள் கூட வந்தா ஓடைக்குள்ள இறங்கவே விடாதீங்க.

சாப்பாட்டுக்கு ஒண்டு ரெண்டு போதும், சின்னதை எல்லாம் விட்டிடுங்க. உயிரோட வாளியில போட்டு வேற ஓடைக்குக் கொண்டு போய் விடவே கூடாது, இது வெளியில இருந்து வந்த மீன், நம்மட சின்ன மீனையும் இறாலையும் தின்னும். வச்சிருக்கிற மீனை அண்டைக்கே சுத்தம் பண்ணி ரிசோட் கிச்சன்ல குடுத்து உப்பு, மிளகு, தேசிக்காய் மட்டும் போட்டுப் பொரிக்கச் சொல்லுங்க, தேங்காப்பால் கறிக்குள்ள போட்டா அந்த மெல்லிசான ருசி காணாமப் போயிடும். சுத்தம் பண்ணேக்க வயித்தைக் கீறி உள்ளுக்கு என்ன இருக்கு எண்டும் பாருங்க, கறுப்பு எறும்பா, பச்சை வெட்டுக்கிளியா, கல்லுப் பூச்சியா எண்டு தெரிஞ்சா ஞாயிறு விடிய அதே நிறத்தில, அதே அளவில ஒரு ஃப்ளையைக் கட்டலாம்.