ஏர் ரைஃபிள் கட்டையில் ஆட்டமா? கடலோரத்துக்காரர்கள் இப்படிச் செய்யுங்கள்

ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறதே, ஏர் ரைஃபிளின் மரக்கட்டையும் அப்படித்தான் ஊதுகிறது. கீழக்கரை, மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். கத்திரி வெயிலில் அதே மரம் சுருங்கும்போது ஸ்க்ரூ தலைக்கு அடியில் பிடிமானம் போய்விடுகிறது, குண்டு நாளுக்கொரு இடத்தில் விழுகிறது, நாமோ குறிபார்க்கும் சைட்டைத் திருகிக்கொண்டே இருக்கிறோம்.

நான் சொல்வது குழலை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிளுக்கு மட்டும். லைசென்ஸ் துப்பாக்கி என்றால் உரிமம் பெற்ற கடையில் கொடுத்துவிடுங்கள்.

முதலில் குண்டு இல்லை, ஸ்பிரிங் ஏற்றி இல்லை என்று பாருங்கள். அப்புறம் பின்பக்க ஸ்க்ரூவை மட்டும் மெல்லத் தளர்த்தி, இரும்பும் மரமும் சேரும் விளிம்பில் விரலை வையுங்கள். இரும்பு மேலே எழும்பினால் அது மரத்தில் சமமாக உட்காரவில்லை, நீங்கள்தான் அதை வளைத்து இறுக்கியிருக்கிறீர்கள்.

இதற்கு மருந்து, ஸ்க்ரூவின் இறுக்கத்தை மரம் தாங்காமல் உலோகம் தாங்கும்படி செய்வதுதான். பின் ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, சரியான நீளத்துக்கு வெட்டிய அலுமினியக் குழாய்த் துண்டை மெதுவாகக் காயும் அரால்டைட் பசையில் பதியுங்கள். நீளம் குறைந்தால் பழையபடி மரம் நசுங்கும், கூடினால் இரும்பு மரத்தில் உட்காராது, அதனால் அரம் வைத்துப் பொறுமையாகத் தேய்த்துச் சரிபாருங்கள். இரும்பு உட்காரும் பள்ளத்திலும் அதே பசையை மெல்லிய பூச்சாகக் கொடுக்கலாம். ஆனால் பசை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இரும்பிலும் ஸ்க்ரூ மரையிலும் நிறமில்லாத ஷூ பாலிஷை நன்றாகத் தடவிவிடுங்கள். நான் ஒருமுறை ஸ்க்ரூவில் தடவ மறந்து, சால்டரிங் கம்பியால் அதன் தலையைச் சூடாக்கித்தான் கழற்றினேன். பசை ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

முன்பக்க ஸ்க்ரூக்கள் பக்கவாட்டில் போகும், அவற்றுக்குக் கிண்ண வாஷர் போதும். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னால் உதைத்து உடனே முன்னாலும் இழுக்கும், ஸ்க்ரூ கழல்வது அதனால்தான். மரையில் எண்ணெய் இல்லாமல் தின்னரால் துடைத்து, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். ஸ்க்ரூ தலையிலிருந்து வாஷர் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிட்டு, 50 குண்டு சுட்டபின் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிப்பக்கம் எல்லோரும் வார்னிஷ் அடிக்கிறோம், ஈரம் நுழைவது உள்பள்ளம் வழியாக. பூச்சு படாத உள்மரத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் கொடுத்து, நன்றாகக் காய்ந்தபின் பூட்டுங்கள்.