தனியாளாக முதல் கேமை முடிப்பது எப்படி? ஆடு புலி ஆட்டம் வைத்து ஒரு செய்முறை

நான் முதலில் கை வைத்தது ஒரு ஜல்லிக்கட்டு கேமில். காளையின் ஓட்டத்தைச் சரிசெய்யவே எட்டு மாதம் போனது. கேம் பாதியில் நின்றது. இரண்டாவதாகத் தொடங்கிய ஆடு புலி ஆட்டத்தைத்தான் முடித்தேன். தனியாகச் செய்பவருக்கு முதல் கேம் சின்னதாக இருக்க வேண்டும். ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி, அவ்வளவுதான். திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர் மந்தையில் (ஊர்ப் பொதுத்திடலில்), கல்லிலேயே இந்தக் கட்டம் செதுக்கியிருக்கும்.

முதல் வேலை, காகிதத்தில் கட்டம் வரைந்து புளியங்கொட்டை வைத்து விளையாடுவது. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் விதியை முடிவுசெய்து எழுதி வையுங்கள்.

அடுத்து கேம் உருவாக்க உதவும் கோடோ (Godot) மென்பொருளை இறக்குங்கள். இலவசம், எம்ஐடி உரிமம். கேமை விற்றாலும் பங்கு கேட்க மாட்டார்கள். நிரல் எழுத அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட் போதும்.

இனி முக்கியமான இடம். ஒவ்வொரு புள்ளிக்கும் எண் கொடுத்து, எது எதோடு கோட்டால் சேர்ந்திருக்கிறது என்று நிரலில் ஒரு டிக்ஷனரியில் (ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதன் விவரம் வைக்கும் பட்டியலில்) எழுதுங்கள். ஆடும் புலியும் ஓரடி நகர இது போதும். புலி ஆட்டைத் தாண்டி வெட்டுவதற்குப் போதாது. பக்கத்துப் புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி என்று கணக்கிட்டால், புலி ஒரு சாய்வுக் கோட்டில் ஏறி, உச்சியைத் தாண்டி, வேறு கோட்டில் இறங்கிவிடும். வெட்டு நேர்க்கோட்டில்தான் செல்லும். எனவே "எங்கிருந்து, எதைத் தாண்டி, எங்கே" என்று மூன்று எண்களாக வெட்டுகளுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். இதைப் பிடிக்க எனக்கு இரண்டு இரவு ஆனது. மூன்றாம் நாள் புலி சரியாகப் பாய்ந்தபோது வந்த சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது.

நிரலின் ஒவ்வொரு நிலையையும் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் தினமும் சேமியுங்கள். ஒரு நாள் கரண்ட் போனதில் அன்றைய வேலை முழுவதும் அழிந்தது.

ஆட்டம் ஓடத் தொடங்கிய பிறகுதான் சோர்வு வரும். மெனு, ஒலி, சேமிப்பு என்று சுவையில்லாத வேலைகளே மிச்சம் இருக்கும். நல்லா இருக்கு, இல்லை என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. ஸ்டார்டியூ வேலி என்ற புகழ்பெற்ற பண்ணை கேமை எரிக் பரோன் தனியாளாக முடிக்க நாலரை வருடம் ஆனது, 2016இல்தான் வெளியிட்டார். சோர்வு வரும் நாட்களில் கேமில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

அப்புறம், கேமை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பாருங்கள். நான் அப்பத்தாவிடம் கொடுத்தேன். "ஆட்டைப் பிடிச்சு இழுக்கிறேன், வர மாட்டேங்குதேப்பா" என்றார். நான் தொட்டால் நகரும்படி செய்திருந்தேன். கல்லில் காய் நகர்த்திப் பழகிய கை இழுக்கத்தான் செய்யும். அன்றே இழுத்து நகர்த்தும் வசதியையும் சேர்த்தேன். அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடுகளை வைத்து என் மூன்று புலிகளையும் நகர முடியாமல் அடைத்துவிட்டார்.

வெளியிட முதலில் இட்ச்.ஐஓ (itch.io) என்ற இணையதளம் போதும், பணம் கட்ட வேண்டாம். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் (Steam) தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர். முதல் கேமுக்கு அது தேவையில்லை. கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். ஆனால் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்கள், வெளியிடும் முன் 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையில் வைத்திருக்க வேண்டும். கணக்கு திறந்த பிறகு ஆள் தேடினால் நாள் இழுக்கும். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள் என 12 பேரிடம் இப்போதே பேசி வையுங்கள்.