மலைத்தோட்டத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் முன்

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒரு காபித் தோட்டம் பிள்ளைகளுக்குள் பாகம் ஆனால், முதலில் யார் பாகத்தில் மரம் விழும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளையின் பாகத்தில்தான். அவர் கெட்டவர் இல்லை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்துபோகிறவருக்கு சில்வர் ஓக் நிற்கிற பணமாகத் தெரிகிறது. அங்கேயே கிடக்கிறவருக்கு அது மிளகுக்கொடி ஏறும் மரம், காபிக்கு நிழல்.

நிழல் போனால் அரபிகா காபி தாங்காது. வெயில் நேராகப் படுகிற தண்டைத் தேடித்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடுகிறது. புழு உள்ளே குடைந்த செடியின் தண்டைக் கையால் தடவிப் பாருங்கள், மேடு மேடாகத் தட்டுப்படும். இலை மஞ்சளாகித் தொங்கும். இளஞ்செடியாக இருந்தால் பிடித்து வளைத்ததும் அந்த இடத்திலேயே ஒடியும். பிறகு அதைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. எரிக்காமல் விட்டால் உள்ளிருக்கும் வண்டு வெளியே வந்து பக்கத்துப் பாகத்துச் செடிக்குப் போகும். அண்ணன் மரம் வெட்டினார், தங்கை காபி இழந்தார் என்று ஆவது இப்படித்தான்.

அதனால் மரம் நிற்கும் நிலத்தை எழுதிவைக்கும்போது, யாருக்கு எத்தனை ஏக்கர் என்று ஆரம்பிக்காதீர்கள். யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று முதலில் பேசி முடியுங்கள். பத்திரம் அதற்கு அப்புறம்.

எங்களுடையது 18 ஏக்கர். காபி, மிளகு, மலைவாழை, கொஞ்சம் ஆரஞ்சு. மேலே ஓடையை ஒட்டி 4 ஏக்கரை அப்பா கை வைக்காமல் காடாகவே விட்டிருந்தார். நான் மூத்தவள், தோட்டம் என் பொறுப்பு. தம்பி திருப்பூரில், தங்கை மதுரையில். அப்பா நடமாடும்போதே எழுத்து வேலையை முடித்தோம். தம்பி முதல் பேச்சிலேயே, "அக்கா, என்னால மேல வந்து பாக்க முடியாது, எனக்கு வேற ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டான். அப்படி வெளிப்படையாகச் சொல்கிற ஆள் வீட்டில் இருந்தால் நல்லது. அவனுக்கு வத்தலக்குண்டு வீட்டையும் மனையையும் கொடுத்து, தோட்டத்தில் பங்கு இல்லாமல் கணக்கைச் சரி செய்தோம். வேறு சொத்து இல்லாத வீட்டில், நிலத்தை எடுத்துக்கொள்கிறவர் மற்றவர் பங்கை ஆண்டுத் தவணையாக, காபிப் பணம் வரும் மாதம் பார்த்துக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம். மரத்தை விற்றுப் பங்கு கொடுப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

அடுத்த வேலை எல்லை நடப்பது. பெரியவர், பிள்ளைகள், முடிந்தால் மருமக்களும் சேர்ந்து கல் கல்லாக நடக்க வேண்டும். புலப்படத்தின், அதாவது சர்வே எண்ணின் எல்லை வரைபடத்தின், நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சர்வே கல் பாதி மண்ணுக்குள் போயிருக்கும். "இந்தப் பலாவுக்கு மேற்கே, அந்தப் பாறைக்கு இப்பால்" என்று பெரியவர் மனதில்தான் எல்லை இருக்கும். அவரைச் சொல்லச் சொல்லி அலைபேசியில் பதிவு செய்யுங்கள். கல் காணாத இடத்தில் சர்வேயருக்கு மனுக் கொடுத்து, அளந்து கல் ஊன்றிவிடுங்கள். காப்புக்காட்டை ஒட்டிய பக்கம் என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. எங்கே தண்ணீர் ஊறுகிறது, தேன் எடுக்க வரும் பளியர் பழங்குடியினர் எந்த வழியாக நடக்கிறார்கள், யானை எந்தப் பக்கம் இறங்குகிறது, எல்லாவற்றையும் ஒரு கைவரைபடத்தில் குறியுங்கள்.

சரி, காகிதம். மூலப்பத்திரம், பட்டா, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), வில்லங்கச் சான்று நான்கிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். தாத்தா பேரில் இருக்கும் நிலத்தில் அத்தைகளுக்கும் உரிமை இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் எழுதும் பத்திரம் வழக்கைக் கொண்டுவரும். மகளுக்கு என்ன பங்கு என்று இன்னமும் சில வீடுகளில் கேட்கிறார்கள். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே மணமாகாத மகள்களுக்கு மகனுக்குச் சமமான பிறப்புரிமை கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. மகளுக்கு அந்த உரிமை வர 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. எதையும் எழுதாமல் ஓர் இந்து ஆண் காலமானால் அவருடைய பங்கு மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா எல்லாருக்கும் சமமாகப் போகும். அந்த அம்மாவைப் பலர் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

பத்திரம் எழுதும் முன் இன்னொன்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் நிலம் 1949-ம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா? வந்தால், அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ, வேறு வகையில் உரிமை மாற்றவோ கூடாது. மீறினால் செல்லாது. மாவட்ட வன அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

உயிலா, செட்டில்மெண்டா? உயிலைப் பெரியவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சி வேண்டும், பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். செட்டில்மெண்ட் என்பது பெரியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் பத்திரம், அதில் உரிமை அன்றைக்கே கைமாறும். அதனால் பெற்றோர் இருவருக்கும் ஆயுட்கால அனுபவ உரிமையை அதிலேயே எழுதிவிட வேண்டும். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். அது இருந்தால்தான் பிள்ளை கைவிடும்போது 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பது எளிது. இந்த வரியைக் கேட்க வெட்கப்படுகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வெட்கப்படத் தேவையே இல்லை. செலவைப் பொறுத்தவரை, 2023 ஜூலையில் உயர்த்தியபடி குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். போகும் நாளில் ஒருமுறை சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாரிசுச் சொத்துக்கு இந்தியாவில் 1985-க்குப் பிறகு தனி வரி கிடையாது.

எங்கள் பத்திரத்தில் காபி நிலம் எனக்கும் தங்கைக்கும். மேலே உள்ள 4 ஏக்கர் காடும் சுனையும் யாருடைய தனிப் பாகத்திலும் இல்லை. 1882-ம் வருஷத்து அறக்கட்டளைச் சட்டப்படி குடும்ப அறக்கட்டளையாகப் பதிவு செய்து, மூன்று பேரும் அறங்காவலர்கள் ஆனோம். காட்டைக் கூட்டுப் பட்டாவில் விட்டால், பங்குதாரர்களில் எவரும் நாளைக்கே பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். அறக்கட்டளையில் அந்தச் சங்கடம் குறைவு. ஆனால் குடும்ப அறக்கட்டளையைக் காலாகாலத்துக்கும் கட்டிவைக்க முடியாது, சட்டத்தில் கால வரம்பு உண்டு. எந்தத் தலைமுறையில் யாருக்குச் சேர வேண்டும் என்று வழக்கறிஞரிடம் பேசி எழுதுங்கள்.

பத்திரத்தில் நான் விடாப்பிடியாக நின்ற வரிகள் மூன்று. சுனைத் தண்ணீரும் ஜீப் பாதையும் எல்லாப் பாகத்துக்கும் பொது. மலையில் வழியும் தண்ணீரும் இல்லாத பாகம் தரிசுக்குச் சமம், இதை எழுதாமல் விட்டதால் பேச்சு முறிந்த அண்ணன் தம்பிகள் இங்கே உண்டு. இரண்டாவது, விற்பதென்றால் முதலில் உடன்பிறந்தவரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாளுக்குள் பதில், விலையை யார் மதிப்பிடுவது என்பதோடு. உயில் எழுதாமல் இறந்தவரின் முதல் வகுப்பு வாரிசுகளுக்கு (மனைவி, பிள்ளைகள், அம்மா போன்றவர்கள்) இந்த முன்னுரிமையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவே தருகிறது. அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. செட்டில்மெண்டில் வந்த நிலத்துக்கு நாமே எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, தோட்டத்தைப் பார்க்கிறவருக்கு மாதச் சம்பளம். பங்கு வேறு, உழைப்பு வேறு. சம்பளம் இல்லாமல் பார்க்கிற பிள்ளைக்கு ஒருநாள் மனம் கசந்துவிடும்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு போன்ற மலைகளில் பட்டா நிலத்து மரமானாலும் 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். பங்கு வந்ததும் மர வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிற பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூடவே ஒரு மரப் பதிவேடு வேண்டும். எண், இனம், நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு, மிளகு ஏறியிருக்கிறதா, நட்டதா தானாக வந்ததா. பலா, சந்தன வேம்பு, நாவல், அத்தி எல்லாம் அதில் வரட்டும். எங்கள் நோட்டில் சில மரங்களுக்கு எதிரே "வெட்டக் கூடாது, சுனைக்கு மேல் நிற்கிறது" என்று அப்பா கையெழுத்தில் இருக்கிறது. சட்டப்படி அதற்கு வலு இல்லை. ஆனாலும் தம்பி உட்பட யாரும் அதை மீற மாட்டோம்.

தோட்டத்து வருமானத்தில் ஒரு பங்கை முதலிலேயே தனிக் கணக்கில் போடுங்கள். தீத்தடுப்புக் கோடு வெட்ட, உண்ணிச்செடி எடுக்க, விழுந்த மரத்துக்குப் பதில் நட, கல் ஊன்ற, வக்கீலுக்குக் கொடுக்க, எல்லாம் அதிலிருந்துதான். எவ்வளவு என்பதை மூவரும் சேர்ந்து முடிவு செய்து எழுதிவைக்கலாம்.

இதையெல்லாம் ஆரம்பிக்க நல்ல நேரம் காபிப் பழம் எடுத்து முடிந்த பிப்ரவரி. கையில் பணம் இருக்கும், புதர் காய்ந்து எல்லைக் கல் கண்ணுக்குத் தெரியும், காபியைப் பூக்கவைக்கும் பூ மழை இன்னும் வந்திருக்காது. முதல் வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் புலப்பட நகலுக்கும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கத்துக்கும் மனுப் போட்டுவிட்டு, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எல்லை நடக்கும் தேதியைச் சொல்லுங்கள்.