சிறு கடைக்குப் புதிய தொழில்நுட்பம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவருக்கும், காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்பவருக்கும், கொருக்குப்பேட்டையில் மளிகைக் கடை நடத்துபவருக்கும் ஒரே பில்லிங் மென்பொருளைப் பொருத்தமானது என்று சொல்லி விற்க வருகிறார்கள். அந்த மென்பொருளில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று கேட்பதற்கு முன், நம் கடையில் வேலை எங்கே தேங்குகிறது என்று நாம் அறிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் போதும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, வாடிக்கையாளர் எதற்காகக் காத்து நின்றார், இரவில் எந்தக் கணக்கு உதைத்தது, உள்ளே சரக்கு இருந்தும் தெரியாமல் எதை இல்லை என்று சொல்லி அனுப்பினோம் என்பதை அவ்வப்போது குறித்து வாருங்கள். அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதற்கு மட்டும் முதலில் பணம் செலவிடுங்கள்.

துணிக்கடையின் சிக்கல் பெரும்பாலும் அளவும் நிறமும்தான். ஒரே சட்டையில் ஐந்து அளவும் நான்கு நிறமும் இருந்தால் இருப்பில் அது இருபது பொருள். மளிகைக்கென்று எழுதப்பட்ட மென்பொருளில் இந்த இருபதையும் தனித்தனிப் பெயரில் பதிய வேண்டியிருக்கும். பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், மீனை மட்டும் விற்பவர் வரிக் கணக்குக்கான மென்பொருளுக்குப் பெருந்தொகை கொடுக்கத் தேவையில்லை. தண்ணீர் பட்டாலும் தாங்கும் மின்னணுத் தராசும், யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று காட்டும் எளிய பற்று வரவுச் செயலியும் அவருக்குப் போதும். அந்தத் தராசில், தூசியையும் தண்ணீரையும் எந்த அளவு தாங்கும் என்று காட்டும் ஐபி குறி 65 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா, அரசு முத்திரை இடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்த முத்திரையை ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் கடைக்காரரின் பொறுப்பே.

விற்பவர் தன் மடிக்கணினியில் காட்டும் மாதிரியை வைத்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். அதில் எல்லாப் பொருளுக்கும் பெயர் சரியாக இருக்கும், எல்லா வாடிக்கையாளரும் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டிவிடுவார்கள். நம் கடை அப்படி ஓடுவதில்லை. ஆகவே நம் சரக்கில் ஐம்பது பொருளைப் பதிந்து தரச் சொல்லி, கூட்டம் உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், தினமும் பில் போடும் பெண்ணையோ பையனையோ உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரத்து இருநூறு ரூபாய் பில்லுக்கு எழுநூறு ரூபாயை ரொக்கமாகவும் மீதியை ஜிபேயிலும் கொடுத்தால் அதைப் பதிய முடிகிறதா? முந்தின நாள் வாங்கிய சுடிதாரை மாற்றிக்கொண்டு கூடுதலாக ஒரு துப்பட்டாவும் எடுத்தால், பழைய பில்லைக் கண்டுபிடித்து வித்தியாசத்தை மட்டும் வாங்க முடிகிறதா? இணையம் நின்றுவிட்டால் பில் தொடர்ந்து வருகிறதா, திரும்பி வந்ததும் அவை தானாகச் சேர்கின்றனவா? முதலாளிக்குப் பிடித்திருப்பதைவிட, பில் போடுபவரின் கை தடுமாறாமல் இருப்பதே முக்கியம். அவருக்குத் தமிழில் பொருட்பெயர் தெரிந்தால் எளிது என்றால், தமிழில் பதியவும் அச்சிடவும் முடிகிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள்.

நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவது, உள்ளே போகும் முன்பே வெளியே வரும் வழியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையே. சந்தாவை நிறுத்தினால் நம் வாடிக்கையாளர் பட்டியலும் பாக்கிக் கணக்கும் பழைய பில்களும் எக்செல் கோப்பாக நம் கைக்கு வருமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதோடு விடாமல், சோதனைக் காலத்திலேயே ஒரு முறை எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். மென்பொருள் நிறுவனம் அதற்கு முன்பே கடையை மூடிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். மொத்த வியாபாரிகள் தெர்மல் தாளில் தரும் கொள்முதல் பில்கள் நம்மூர் வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும் என்பதால், அவற்றை வந்த அன்றே படம் எடுத்து வைப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

விலையை மூன்று ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள்: சந்தா, பராமரிப்பு ஒப்பந்தம், பிரிண்டர் தாள், யுபிஎஸ் பேட்டரி, பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் பெட்டியின் வாடகை எல்லாம் அதில் வர வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. ஆனால் பெட்டிக்கான வாடகை மாதாமாதம் போய்க்கொண்டிருக்கலாம். இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் இணையதளத்தில் பதிந்து எண் வாங்கும் முறை, கட்டாயம் என்று விற்பவர் அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். அது ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் பிற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கே பொருந்தும். கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் கருவிக்கு வாரண்டி செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழுது பார்க்க ஆள் ராயபுரத்திலோ பாரிமுனையிலோ இருந்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அவரிடமே வாங்கலாம்.

மாற்றத்தைத் தீபாவளிக்கு முன்போ பொங்கலுக்கு முன்போ வைத்துக்கொள்ளாதீர்கள். மார்ச் கடைசியில் எப்படியும் சரக்கை எண்ணுகிறோம். ஜிஎஸ்டி பில் எண் வரிசையும் நிதியாண்டைப் பொறுத்தது. ஆகவே ஏப்ரல் 1 தான் எல்லா வகையிலும் வசதியான நாள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் பாக்கி நோட்டைக் கையால் எழுதி வாருங்கள்; இரவு கடை சாத்தும்போது நோட்டின் தொகையும் திரையின் தொகையும் தொடர்ந்து ஒத்துப்போன பிறகே நோட்டை நிறுத்துங்கள்.