போர்க்களச் செய்திகளையும் தளவாட இழப்புகளையும் பின்தொடரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜூன் 8ஆம் நாள், உக்ரைனின் சபோரிஷியா மாகாணத்தில் ஒரிகிவ் நகருக்கு அருகே, மாலா டோக்மாச்கா என்ற ஊரை ஒட்டிய வயல்வெளியில், உக்ரைனியக் கவச வாகன அணி ஒன்று கண்ணிவெடிப் பரப்பில் சிக்கியது. ஜெர்மன் லெப்பர்ட் டாங்கிகளும் அமெரிக்க பிராட்லி கவச வாகனங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தை ரஷ்ய ட்ரோன்கள் வெவ்வேறு உயரங்களிலிருந்தும் கோணங்களிலிருந்தும் படம் பிடித்தன. அந்தப் படங்கள் ஒரே நாளில் வரவில்லை. பல நாள்களில், பல தலைப்புகளில், பல கைகள் மாறி வந்தன. ஒவ்வொன்றையும் புதிய இழப்பாக எண்ணியவர்கள் ஒரே வாகனத்தைத் தம் கணக்கில் மூன்று, நான்கு முறை எரித்துவிட்டார்கள். ஒரு டாங்கியின் சுடுகுழல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்த மூடி திறந்திருக்கிறது, எந்தப் பக்கச் சங்கிலி கழன்று கிடக்கிறது, பின்னால் உள்ள மரவரிசை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்த்துப் பொருத்தியவர்கள் மட்டுமே உண்மையான எண்ணிக்கையை நெருங்கினார்கள். அந்த வாகனங்களில் சில பின்னர் இழுத்துச் செல்லப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டன என்பதால், அந்த எண்ணிக்கைகூட முடிவான ஒன்றாக இருக்கவில்லை.

ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு, ஒரு போரை வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் கவனிப்பது எவருக்கும் இயலும் என்றாகிவிட்டது. அதில் தவறில்லை; கவனமாகப் பின்தொடரும் குடிமக்கள் பல பொய்களை உடைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான பிழைகள் ஓர் இடத்திலிருந்தே பிறக்கின்றன. ஓர் எண் எதை எண்ணுகிறது, அதை எண்ணியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்காமலே அதை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

‘இழப்பு’ என்ற சொல்லுக்குள் இருப்பவை

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தொடங்கிய ஓரிக்ஸ் என்ற திட்டம், இந்தப் போரின் தளவாட இழப்புகளை ஒவ்வொன்றாகப் படச் சான்றுடன் பட்டியலிட்டுப் பெயர்பெற்றது. அதன் பட்டியலில் அழிக்கப்பட்டவை, சேதமடைந்தவை, கைவிடப்பட்டவை, எதிரியால் கைப்பற்றப்பட்டவை என்று நான்கு வகைகள் உண்டு. மொத்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ‘இத்தனை டாங்கிகள் அழிந்தன’ என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. சேதமடைந்த டாங்கி பணிமனைக்குப் போய்த் திரும்பக்கூடும். லெப்பர்ட் டாங்கிகளைப் பழுதுபார்ப்பதற்கென்றே போலந்தில் ஒரு மையம் அமைக்கப்பட்டது. கைப்பற்றப்பட்ட டாங்கியோ ஒரு பக்கத்தில் குறைந்து மறுபக்கத்தில் கூடுகிறது. இவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் போரின் போக்கே புரியாமல் போகும்.

படச் சான்றுள்ள பட்டியலை அணுகும்போது இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். அது தரும் எண் உண்மையான இழப்பின் கீழெல்லை. இதைவிடக் குறையாது என்பதற்கே அது உறுதி தருகிறது. படம் எடுக்கப்படாத இழப்பு அதில் இராது. படம் எடுக்கப்படும் வாய்ப்பும் எல்லாத் தளவாடங்களுக்கும் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. 2022 செப்டம்பரில் கார்கிவ் மாகாணத்தில் ரஷ்யப் படைகள் அவசரமாகப் பின்வாங்கியபோது, இசியும், குபியான்ஸ்க் பக்கங்களில் அவர்கள் விட்டுச் சென்றவற்றை முன்னேறிய உக்ரைனியர்கள் நிதானமாகப் படம் பிடிக்க முடிந்தது. அதனால் அந்த வாரங்களின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. போர்முனைக்குப் பல கிலோமீட்டர் பின்னால் எதிரியின் பீரங்கிகள் திருப்பிச் சுடுவதில் அழியும் ஒரு பீரங்கியை, குறிப்பாகப் போரின் முதல் ஆண்டில், யாரும் அருகில் போய்ப் படம் எடுக்கவில்லை. ஆகவே பட்டியலில் டாங்கிகளும் காலாட்படை வாகனங்களும் கூடுதலாகவும், பீரங்கிகளும் சரக்கு லாரிகளும் குறைவாகவும் தெரிவது களத்தின் இயல்பையும் கேமராவின் இயல்பையும் சேர்த்தே காட்டுகிறது. படம் வெளிவந்த நாளும் இழப்பு நேர்ந்த நாளும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ‘இந்த வாரம் இத்தனை’ என்று வரைபடம் போடுபவர்கள் பலர், ஆறு மாதப் பழைய படத்தை இந்த வாரத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

தமிழில் படிப்போர் தனியாகக் கவனிக்க வேண்டிய இரு சொற்கள்

நம் செய்திகளில் ‘பீரங்கி’ என்ற சொல் டாங்கியையும் குறிக்கிறது, தொலைவிலிருந்து குண்டெறியும் துப்பாக்கியையும் குறிக்கிறது. உக்ரைன் இராணுவத் தலைமையகம் நாள்தோறும் வெளியிடும் அறிக்கையில் இவை இரண்டும் தனித்தனி வரிகள். தமிழுக்கு வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். டாங்கி, காலாட்படைச் சண்டை வாகனம், தானே நகரும் பீரங்கி மூன்றுக்கும் சங்கிலிச் சக்கரமும் சுடுகுழலும் இருப்பதால் படத்திலும் இந்தக் குழப்பம் நேர்கிறது. போதாக்குறைக்கு இரு தரப்புமே சோவியத் காலத்து டி-72 டாங்கி, பிஎம்பி-2 காலாட்படை வாகனம் ஆகிய வகைகளைப் பயன்படுத்துவதால், எரிந்து கிடக்கும் வண்டி யாருடையது என்பதை அதன் வகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கவாட்டில் வரைந்த எழுத்து, கூடுதல் கவசத்தின் அமைப்பு, அது கிடக்கும் இடம் எல்லாம் சேர்ந்துதான் விடை தரும்.

இரண்டாவது சொல் இதைவிடக் கவலைக்குரியது. ஆங்கிலத்தில் ‘கேஷுவல்டி’ என்பது இறந்தவர்களையும் காயமடைந்தவர்களையும் சேர்த்துக் குறிக்கும் இராணுவச் சொல். அது தமிழில் ‘பலி’ என்று வந்துவிடுகிறது. 2024 டிசம்பர் 8ஆம் நாள் ஜெலென்ஸ்கி, தம் வீரர்களில் 43,000 பேர் இறந்துள்ளனர் என்றும், காயத்துக்கு மருத்துவ உதவி பெற்ற நிகழ்வுகள் 3,70,000 என்றும் கூறினார். இரண்டாவது எண்ணில் ஒரே வீரர் பலமுறை காயமடைந்ததும், சிறு காயங்களும் அடங்கும். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பணிக்குத் திரும்பினார்கள் என்றும் அவர் சொன்னார். இவ்விரண்டையும் கூட்டி ‘நான்கு லட்சம் பேர் பலி’ என்று எழுதுவது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையன்று. உயிரோடு இருக்கும் லட்சக்கணக்கானோரை இறந்தவர்களாக்கும் பிழை. ரஷ்யத் தரப்பில் இறந்தவர்களைப் பொறுத்தவரை, மீடியாசோனா என்ற ரஷ்ய மொழிச் செய்தித் தளமும் பிபிசியின் ரஷ்யப் பிரிவும் இரங்கல் அறிவிப்புகள், கல்லறைகள் முதலியவற்றிலிருந்து பெயர் பெயராகச் சேர்த்த கணக்கு உண்டு. அதுவும் கீழெல்லைதான்; ஆனால் எண்ணப்படுவது என்ன என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

‘அழித்தோம்’ என்ற கணக்கு ஏன் பெருகுகிறது

தரப்புகள் வெளியிடும் எண்களை முழுப் பொய் என்று ஒதுக்குவோரும் உண்டு, தமக்குப் பிடித்த தரப்பின் எண்ணை மட்டும் அப்படியே ஏற்போரும் உண்டு. இரண்டுமே தவறு என்பேன். எண்கள் பெருகுவதற்குப் பொய் மட்டும் காரணமில்லை. இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது; ஜெர்மனி உண்மையில் இழந்தது சுமார் 60. ஒரே விமானத்தைச் சுட்ட பல விமானிகள் ஒவ்வொருவரும் நேர்மையாகவே அதைத் தம் கணக்கில் சொன்னார்கள். இன்று ஒரு டாங்கியை அடுத்தடுத்து ஐந்து, ஆறு ட்ரோன்கள் தாக்குகின்றன. அவை வெவ்வேறு படைப்பிரிவுகளுடையவையாக இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனிக் காணொளி வெளியிடும். தாக்கியதும் அழித்ததும் ஒன்றல்ல. வெடிப்பின் நொடியில் காணொளி முடிந்துவிட்டால், அதன் பிறகு அந்த வண்டி நகர்ந்து போனதா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

1999இல் கொசோவோவில் நேட்டோ 78 நாள்கள் குண்டு வீசியது. போர் முடிந்தபோது சுமார் 120 செர்பிய டாங்கிகள் அழிந்ததாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு நேட்டோ தானே மறுஆய்வு செய்து 93 தாக்கப்பட்டன என்றது. களத்தில் தேடிப் பார்த்த குழு கண்ட சிதைந்த டாங்கிகள் 14 மட்டுமே என்று பின்னர் செய்தி வெளியானது. போலி இலக்குகள் இதில் பெரும் பங்கு வகித்தன. உக்ரைனிலும் மரத்தால் செய்த ஹைமார்ஸ் ராக்கெட் ஏவுவண்டிகளும் காற்றடைத்த டாங்கிகளும் ஏவுகணைகளை ஈர்க்க நிறுத்தப்படுகின்றன. 2023 ஜூனில், லெப்பர்ட் டாங்கி அழிக்கப்பட்டது என்று ரஷ்யத் தரப்பு வெளியிட்ட ஹெலிகாப்டர் காணொளியில் தெரிந்தது பண்ணை இயந்திரம் என்பதைப் பார்வையாளர்களே, ரஷ்யப் போர்ச் செய்தியாளர்கள் உட்பட, கண்டுபிடித்தார்கள்.

மறுபக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2025 ஜூன் 1 அன்று உக்ரைனின் பாதுகாப்புச் சேவை, லாரிகளில் மறைத்துக் கொண்டுசென்ற ட்ரோன்களால் ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கி, 41 விமானங்களுக்குச் சேதம் விளைவித்ததாக அறிவித்தது. 20 அளவில் தாக்கப்பட்டன, 10 அளவில் அழிந்தன என்பது அமெரிக்க அதிகாரிகள் தெரிவித்த மதிப்பீடு. மிகத் துணிச்சலான, வெற்றி பெற்ற ஒரு நடவடிக்கையில்கூட முதல் எண்ணுக்கும் பின் வந்த எண்ணுக்கும் இத்தனை இடைவெளி இருந்தது. அதனால் முதல் எண்ணைப் பதிவு செய்யும்போதே யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது, தாக்கியதா அழித்ததா என்பவற்றையும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படங்கள் வரும்போது திருத்திக்கொள்ளலாம்.

வரைபடத்தின் கோடு

போர்முனையைக் கோடாகப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அது கோடாகவே இருப்பதாகத் தோன்றும். ட்ரோன்கள் பெருகிய பிறகு இரு படைகளுக்கும் நடுவில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு யாரும் பகலில் நடமாட முடியாத பரப்பு உருவாகியிருக்கிறது. அதற்குள் இரண்டு, மூன்று பேராக ஊடுருவுகிறார்கள். ஓர் ஊரின் நடுவே இருவர் கொடி பிடிக்கும் காணொளி, அந்த நிமிடத்தில் அவ்விருவர் அங்கே இருந்தார்கள் என்பதற்கு மட்டுமே சான்று. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் ரஷ்யத் தனியார் படையான வாக்னரின் தலைவர் பிரிகோஷின், கிழக்கு உக்ரைனின் பாக்முத் நகராட்சிக் கட்டடத்தில் கொடியேற்றிவிட்டதாகவும் சட்டப்படி நகரம் தம் கையில் என்றும் அறிவித்தார். நகரம் முழுவதும் தம் வசமானதாக அவர் சொன்னது மே 20 அன்று. அதே ஆண்டு ஜனவரியில் அருகிலுள்ள சொலேடார் நகரம் வீழ்ந்ததாக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 13ஆம் நாள் அறிவித்தது. உக்ரைன் 25ஆம் நாள்தான் ஒப்புக்கொண்டது. பிடிப்பவர் முந்திச் சொல்வதும் இழப்பவர் பிந்திச் சொல்வதும் இந்தப் போரில் திரும்பத் திரும்பக் காணும் வழக்கம்.

அதற்காக எல்லாவற்றையும் சந்தேகிப்பதும் உதவாது. 2022 நவம்பர் 9 அன்று கெர்சன் நகரிலிருந்து விலகுவதாக ரஷ்யா அறிவித்தபோது அது பொறி என்று அடித்துச் சொன்னவர்கள் பலர். இரண்டே நாளில் உக்ரைனியப் படை நகருக்குள் நுழைந்தது.

நாசாவின் தீக்கண்காணிப்பு வரைபடத்தில் தெரியும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் குண்டுவீச்சாகக் கொள்வதும் இவ்வகைப் பிழையே. அதற்குத் தரவு தரும் செயற்கைக்கோள் உணரி ஒன்றின் ஒரு கட்டம் 375 மீட்டர் அகலம். அறுவடைக்குப் பின் எரியும் பயிர்த் தாளும், ஆலையின் வெப்பமும் அதில் தெரியும், மேகம் மூடினால் உண்மையான தீயும் தெரியாது.

பழைய படம், பொய்ப் படம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதைப் பற்றிப் பலரும் அறிவார்கள். போரின் முதல் நாள்களில் ‘கீவ் நகரின் ஆவி’ என்ற விமானியின் வீரச் செயலாகப் பரவியது ஒரு விமானக் கணினி விளையாட்டின் காட்சி. அப்படியொரு தனி விமானி இல்லை என்று உக்ரைன் வான்படையே 2022 ஏப்ரல் 30 அன்று சொன்னது. 2015இல் சீனாவின் தியான்ஜினில் நேர்ந்த வெடிவிபத்தும் உக்ரைன் என்று வந்தது. ஆர்மா 3 என்ற கணினிப் போர் விளையாட்டை உருவாக்கிய செக் நிறுவனம், தன் காட்சிகள் போர்ச் செய்திகளாக உலவுவதைக் கண்டு, எப்படி அடையாளம் காண்பது என்று விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று: தெளிவு குறைந்த படம், ஆடும் கேமரா, இரவு நேரம், பெரும்பாலும் ஒலி இல்லை.

இழப்பிலிருந்து முடிவுக்குத் தாவுதல்

எண் சரியாகவே இருந்தாலும் அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறலாம். ஒரு தரப்பின் டாங்கி இழப்பு, அதற்கு இணையாகச் சேமிப்புக் கிடங்கிலிருந்து எத்தனை வெளிவருகின்றன, தொழிற்சாலையிலிருந்து எத்தனை வருகின்றன என்பவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் தரும். 2022இல் பழைய டி-62 டாங்கிகளும் 2023இல் அவற்றினும் பழைய டி-54, டி-55 டாங்கிகளும் ரயிலில் போர்முனைக்குச் செல்வதைக் கண்டதும் ‘ரஷ்யாவிடம் டாங்கிகள் தீர்ந்தன’ என்று எழுதினார்கள். கிடங்குகள் கரைந்துவந்தன என்பது உண்மை. செயற்கைக்கோள் படங்களில் அவற்றை எண்ணியவர்கள் அதைக் காட்டினார்கள். ஆனால் தீர்ந்துவிடவில்லை, பழைய டாங்கிகளைத் தொலைவிலிருந்து சுடும் பீரங்கிகளாகவும் பயன்படுத்தினார்கள்.

இதற்கு நேர்மாறான தவறு பின்னாளில் வந்தது. போர் நீளநீளக் கவச வாகன அணிகளாகத் தாக்குவது அருகி, சிறு காலாட்குழுக்களும் மோட்டார் சைக்கிள்களும் முன்னே வந்தபோது டாங்கி இழப்பு குறைந்தது. அதை வலிமை கூடியதன் அடையாளமாகப் படித்தவர்கள், டாங்கிகள் ட்ரோன்களுக்கு அஞ்சி மரவரிசைகளுக்குள் ஒளிந்திருந்ததைக் கணக்கில் கொள்ளவில்லை. அந்த மாதங்களில் இழப்பு டாங்கி வரியிலிருந்து ஆள்களின் வரிக்கு மாறியிருந்தது.

இடத்தைக் கண்டுபிடித்த பிறகு

காணொளியில் தெரியும் கோபுரம், மின்கம்ப வரிசை, கூரையின் நிறம் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி இடத்தைக் கண்டுபிடிப்பது இத்துறையின் மிகப் பயனுள்ள திறமை. அது இடத்தைத்தான் சொல்லும், நாளைச் சொல்லாது. நாளுக்கு நிழலின் நீளம், இலை உதிர்ந்த நிலை, பனி, அருகே முன்பு அறிந்த சிதைவு இருக்கிறதா இல்லையா என்பவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்ததை உடனே வெளியிடுவதில் வேறொரு கேடு உண்டு. 2023 ஜனவரி 1 அன்று ரஷ்யாவின் பிடியில் இருந்த மக்கீவ்கா நகரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டு, ரஷ்யா ஒப்புக்கொண்ட கணக்கின்படியே 89 பேர் இறந்தார்கள். வீரர்கள் கைப்பேசி பயன்படுத்தியதே காரணம் என்று அவர்களின் அமைச்சகம் சொன்னது. உக்ரைனோ 2022 மார்ச்சிலேயே தன் குற்றவியல் சட்டத்தில் 114-2 என்ற பிரிவைச் சேர்த்து, படைகளின் இருப்பிடத்தையும் நகர்வையும் அனுமதியின்றிப் பரப்புவதைக் குற்றமாக்கியது. எரிந்து முடிந்த வண்டியின் இடத்தைச் சொல்வதற்கும், இன்னும் ஆள்கள் இருக்கும் நிலையின் இடத்தைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை, எந்தத் தரப்புப் படத்தைக் கையில் வைத்திருந்தாலும், பதிவிடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் அந்தப் பகுதி கைமாறும்வரை அந்த ஆயத்தொலைகளை உங்கள் குறிப்பேட்டிலேயே வைத்திருங்கள்.