எட்டாம் மாசத்துக்கு மேல்: பிள்ளை நல்லபடி திரும்புவதற்கு உட்காரும் முறை, படுக்கும் முறை

வளைகாப்பு முடிந்து தங்கச்சியை சேரன்மகாதேவிக்கு அழைத்து வந்த மறுநாளே ஆச்சி ஆரம்பித்துவிட்டாள். "ஏட்டி, குனிஞ்சு வாசலைப் பெருக்கு. பிள்ளை தன்னால திரும்பும்." ஆச்சி சொல்வதில் பாதி சரி.

பிள்ளையின் தலை கீழே, முதுகு நம் வயிற்றுப் பக்கம், தாடை நெஞ்சோடு ஒட்டி இருந்தால் இறங்குவது லேசு. அதன் முதுகு நம் முதுகுப் பக்கம் இருந்தால் வலி பின்னிடுப்பில் வாட்டும், நேரமும் இழுக்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை வலி வந்தபின் சுழன்றுவிடும்.

முதலில் டாக்டரிடம் மூன்று கேள்வி: தலை கீழேயா? முதுகு எந்தப் பக்கம்? நஞ்சு, அதாவது பிளாசென்டா, கர்ப்பப்பை வாய்ப்பக்கம் இறங்கி இருக்கிறதா? நஞ்சு இறங்கியிருந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிரஷர் இருந்தாலோ கீழே உள்ளதை அவர் சொல்லாமல் செய்யாதீர்கள். உதை தொப்புளைச் சுற்றியே விழுந்தால் முதுகு பின்னால் இருக்கலாம். விலா ஓரம் விழுந்தால் முன்னால் இருக்கலாம். இது உத்தேசம்தான்.

அடுத்தது உட்காருவது. ஈசிச்சேரில் மல்லாந்து சாய்ந்தால் முதுகுத்தண்டு பக்கம் பள்ளமாகி, பிள்ளையின் முதுகு அங்கே சரியும் என்பார்கள். கையில்லாத மர நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தில் தலையணை வைத்து, கால் இரண்டையும் அகட்டி அதைக் கட்டிப்பிடித்து உட்காருங்கள். முட்டு இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தங்கச்சி சீரியல் பார்ப்பது இப்படித்தான்.

பிறகு முட்டிபோடுவது. பத்தமடைப் பாய் மெல்லிசு, முட்டு கன்றிவிடும். ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் கையையும் முட்டையும் ஊன்றுங்கள். உள்ளங்கை தோளுக்கு நேர் கீழே, முட்டு இடுப்புக்கு நேர் கீழே. மூச்சை விடும்போது முதுகை மெதுவாக மேலே வளைத்து, இழுக்கும்போது சமநிலைக்குக் கொண்டுவாருங்கள், தொய்ய விடாதீர்கள். பத்து நிமிஷம், நாளுக்கு இரண்டு வேளை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: 2004இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 2,547 கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். கடைசி வாரங்களில் இதைச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும், பிறக்கும்போது பிள்ளை இருந்த நிலையில் வித்தியாசம் இல்லை. அப்புறம் ஏன் செய்ய வேண்டும்? இடுப்புக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். பிள்ளை திரும்பாவிட்டால் "நீ வாசல் பெருக்கலை" என்று யாரும் குறை சொல்ல முடியாது.

படுப்பது ஒருக்களித்து, முட்டுகளுக்கு இடையே தலையணை. எழுந்து உட்கார்ந்துதான் புரள வேண்டும், இல்லாவிட்டால் கொடி சுற்றும் என்பாள் ஆச்சி. கொடி அப்படிச் சுற்றாது. ஆனால் மெதுவாகப் புரள்வது இடுப்புக்கு நல்லது.

வலி வந்ததும் மல்லாந்து கிடக்காதீர்கள். நடங்கள், வலி ஏறும்போது சுவரையோ கட்டில் விளிம்பையோ பிடித்து முன்னால் சாய்ந்து இடுப்பை ஆட்டுங்கள். கூட இருக்கும் அம்மாவோ மதினியோ வாலெலும்புக்கு மேல் உள்ளங்கையால் அழுத்தட்டும்; பின்னிடுப்பு வலிக்கு இது நல்ல இதம். அடிக்கடி ஒண்ணுக்குப் போங்கள், நிறைந்த பை தலையை இறங்க விடாது. பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்க்க வயிற்றில் பெல்ட் மாட்டினால், நின்றுகொள்ளலாமா, ஒருக்களிக்கலாமா என்று நர்ஸக்காவிடம் கேளுங்கள்.

36 வாரத்திலும் தலை மேலேயே இருந்தால் எண்ணெய் தேய்த்துத் திருப்புகிறேன் என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே டாக்டர் வெளியிலிருந்து திருப்புவது உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கும்.

தலை கீழே வராத நிலையில் பனிக்குடம் உடைந்தால் நடமாட வேண்டாம்: ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்குக் கீழே தலையணை கொடுத்து, 108ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை அசைவு குறைந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.