சவரன் காசில் அரச முகங்களை இனங்காணும் முறை

பிரிட்டனின் சவரன் தங்கக் காசு 1817இல் இன்றைய வடிவில் வெளிவரத் தொடங்கிய நாள்முதல், அரசர்கள் பலர் வந்து போயினர்; எடையோ ஏறத்தாழ 7.99 கிராமாகவே நிலைத்திருக்கிறது. ஆகவே சேகரிக்கத் தொடங்குபவர் ஆண்டைத் தேடுவதற்கு முன் முகத்தைப் படிக்கப் பழக வேண்டும்.

முதலில், காசை விளிம்பில் பிடித்து, மென்மையான துணி விரித்த மேசைக்கு மேலே வைத்து, முகம் எத்திசையை நோக்குகிறது என்று பாருங்கள். ஒவ்வோர் அரசரும் தமக்கு முன்னவருக்கு எதிர்த்திசையில் நோக்குவது பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வரும் மரபு. விக்டோரியா இடப்புறமும் ஏழாம் எட்வர்ட் வலப்புறமும் ஐந்தாம் ஜார்ஜ் இடப்புறமும் நோக்குகின்றனர். இரண்டாம் எலிசபெத் வலப்புறம், மூன்றாம் சார்லஸ் இடப்புறம். மரபை மீறித் தந்தையைப் போலவே இடப்புறம் நோக்க விரும்பியவர் எட்டாம் எட்வர்ட். அவர் 1936இல் அரியணையைத் துறந்ததால் அவருடைய சவரன் மாதிரிக் காசாகவே நின்றுவிட்டது.

அடுத்து, தலையில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். விக்டோரியாவுக்கு மூன்று முகங்கள் உண்டு. வில்லியம் வயன் செதுக்கிய இளமுகத்தில் கிரீடம் கிடையாது, கூந்தலில் நாடா மட்டுமே. 1887இல் வந்த ஜோசப் போமின் பொன்விழா முகத்தில், முக்காட்டின் மேல் மிகச் சிறிய கிரீடம் ஒன்று ஒட்டாமல் நிற்கிறது. அதை மக்கள் விரும்பவில்லை. 1893இல் தாமஸ் பிராக் வடித்த முதுமுகம் அதன் இடத்தைப் பிடித்தது. மூன்றிலும் முதுமையை மறைக்காத இந்தக் கடைசி முகமே மிகச் சிறந்தது என்பேன்.

ஆண்டை மட்டும் நம்பினால் இங்கேதான் தடுமாற நேரும். 1887ஆம் ஆண்டு பொறித்து, ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன் நாணயச் சாலைகளில் அச்சான காசுகளில் இளமுகமும் உண்டு, பொன்விழா முகமும் உண்டு. 2015இலும் அப்படியே எலிசபெத்தின் இரு முகங்கள் வந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியால் கழுத்தின் அடியில் பார்த்தால், ஒன்றில் அதை வடித்த இயன் ரேங்க்-பிராட்லியின் முதலெழுத்துகளும் மற்றொன்றில் அதை வடித்த ஜோடி கிளார்க்கின் முதலெழுத்துகளும் தெரியும். 2022இலோ எலிசபெத், சார்லஸ் இருவருக்குமே சவரன் உண்டு.

பிறகு காசைத் திருப்பி, அங்கே டிராகனை வதைக்கும் புனித ஜார்ஜின் குதிரைக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டைப் பாருங்கள். 1918ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் காசில் அங்கே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது பம்பாயில் அச்சான காசு.

வாங்குவதற்கு முன் எடையையும், 22.05 மில்லிமீட்டர் விட்டத்தையும் அளந்து பாருங்கள். எக்காரணத்துக்காகவும் காசைத் தேய்த்து மெருகேற்றாதீர்கள். முகத்தின் நுண்கோடுகள் அழிந்தால், சேகரிப்பவர் தரும் கூடுதல் விலை போய், தங்கத்தின் விலை மட்டுமே மிஞ்சும்.